ஒற்றைத் தலைவலி மருந்தும் நம் தொழிலும்

நம் சங்கத்தில் நூல் வழங்கும் நாளன்று திண்ணையில் காத்திருக்கும் அங்கத்தினர்கள் பேசிக்கொள்ளாத விஷயம் இல்லை. நூல் விலையும் கூலியும் மழையும் முடிந்தபின் பேச்சு பெரும்பாலும் உடல்நலத்தில் வந்து நிற்கும். சென்ற மாதம் அங்ஙனம் காத்திருந்தபோது, எனக்கு எதிரே அமர்ந்திருந்த ஓர் அம்மையார் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரும் இல்லாமல் விழுங்கினார். அருகிலிருந்த இளைஞர், "என்ன அக்கா, மறுபடியும் தலைவலியா?" என்று கேட்டார். "தினமும் இதுதான் தம்பி. போட்டால்தான் தறியில் உட்கார முடிகிறது" என்றார் அவர். "டாக்டர் வேறு மாத்திரை எழுதித் தந்தாரே?" என்று இளைஞர் விடவில்லை. "அதைப் போட்டால் தூக்கம் தூக்கமாக வந்தது. பத்து நாளில் நிறுத்திவிட்டேன்" என்று பதில் வந்தது.

நம் கிராமங்களில் ஒற்றைத் தலைவலி தீராமல் நீடிப்பதற்கான காரணங்கள் இரண்டு. அவை இரண்டும் அந்த அம்மையாரின் சொற்களிலேயே இருக்கின்றன என்று எனக்குப்பட்டது. ஆகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் டாக்டர் அல்லேன். இருபது ஆண்டுகளாக இந்நோயை அனுபவித்தும், அதைப் பற்றிப் படித்தும் கேட்டும் வந்தவன் என்ற உரிமை ஒன்றே எனக்குண்டு.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். தலையின் ஒரு பக்கத்தில் சம்மட்டியால் அடிப்பதுபோல் துடித்துத் துடித்து வலிக்கும். குமட்டல் வரும், சிலருக்கு வாந்தியும் உண்டு. வெளிச்சமும் ஓசையும் பொறுக்கா. மாடிப்படி ஏறினால், குனிந்தால், வலி மிகும். மருந்து உண்ணாவிடில் நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். பிறகு ஒன்றுமே நேராததுபோல் நோயாளி எழுந்து நடமாடுவார். இதனாலேயே வீட்டார் இதை நோயென்று ஒப்புவதில்லை. 'வேலைக்கு அஞ்சிப் படுத்திருக்கிறாள்' என்னும் பழிச்சொல் எத்தனையோ பெண்களுக்கு இந்நோயினும் பெரிய நோயாகியிருக்கிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் பெங்களூரையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் ஆராய்ந்து 2015-இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு ஒருவர் ஓராண்டுக் காலத்தில் இதனால் துன்புற்றிருக்கின்றனர்.

கிரேக்க மொழியில் 'பாதி மண்டை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழியில் 'மிக்ரேன்' என்ற பெயர் பிறந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியில் அச்சொல்லைக் கேட்டறிந்த முதியவர்கள் பலர் இருந்திருப்பர். ஆயுர்வேதம் கூறும் 'அர்த்தாவபேதகம்' என்பதிலும் 'பாதி' என்னும் கருத்தே உள்ளது. நாம் 'ஒற்றைத் தலைவலி' என்கிறோம். மூன்று நாட்டாரும் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டிப் பெயரிட்டிருக்கின்றனர். இருப்பினும் நம்மவரில் பலர் இதைப் பீனிசம் என்றும், கண்பார்வைக் கோளாறு என்றும், தலையில் நீர் கோத்தது என்றும் எண்ணிச் சுக்குப் பற்றிலும் மூக்குக் கண்ணாடியிலும் காலம் போக்கிவிடுகின்றனர்.

இனி அந்த அம்மையாரின் முதற் சொல்லுக்கு வருகிறேன்: "தினமும் இதுதான்." வலி வந்தபின் உண்ணும் மாத்திரை வேறு, வலி வராமல் தடுக்க உண்ணும் மருந்து வேறு. முதல் வகையைப் பெட்டிக்கடையிலும் வாங்கிவிடலாம். அதனாலேயே அது ஆபத்தாகிறது. சாதாரண வலி மாத்திரையை ஒரு மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளைப் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் உண்டுவந்தால், அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்குகிறது. வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று சக்கரம் சுழலும். வட்டி கட்டுவதற்காக மேலும் கடன் வாங்கும் குடும்பத்தை நம் சங்கத்தார் நன்கறிவர். அதே கதைதான் இதுவும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் இதற்கு மேல் வரும் செலவு.

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி வந்தாலும், வரும் நாட்கள் குறைவேயாயினும் வந்தால் எழுந்திருக்க முடியாதபடி கிடத்திவிட்டாலும், தடுப்பு மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்பது நியாயம். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. புரோப்ரனலால் என்பது 1960-களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய மருந்து. அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு அதை உண்ட ஒருவருக்குப் பழைய தலைவலியும் நின்றுபோனது 1966-இல் ஒரு மருத்துவக் கட்டுரையில் குறிக்கப்பட்டது. அங்கிருந்துதான் அது தலைவலிக்கு வந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. டோபிராமேட்டும் வால்புரோயேட்டும் காக்காய் வலிப்புக்கு வந்தவை. வேறொரு நோய்க்குச் செய்த மருந்து ஆதலின், அது உடம்பில் வேறு பல இடங்களையும் தொடுகிறது. பக்கவிளைவு என்று நாம் சொல்வது அந்தத் தொடுதலையே.

இதில் உழவர் அறிய வேண்டிய ஒரு பழைய வரலாறு உண்டு. கம்பு பயிரிட்டவர்கள் தேன் ஒழுகல் நோயை அறிவார்கள். கதிரிலிருந்து தேன்போல் பிசின் வடிந்து, பின்பு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருத்த கட்டி நிற்கும். அது கலந்த தானியத்தை உண்டால் வாந்தியும் மயக்கமும் வரும். இதனாலேயே விதையை உப்பு நீரில் இட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுகிறோம். ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தில் இதே இனத்துக் காளான் வருகிறது. அந்தக் கருங்கட்டியிலிருந்து எர்கோட்டமின் என்ற தலைவலி மருந்து எடுக்கப்பட்டது. அவ்வழி வந்த மெதிசெர்கைடு என்பதே ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவென்று பெயர் பெற்ற முதல் மருந்து. இத்தாலியில் சிக்குட்டேரி என்னும் டாக்டர் 1959-இல் அதன் பயனை வெளியிட்டார். வலி குறைந்தது உண்மை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து, அதை நீண்டநாள் உண்ட சிலருக்குச் சிறுநீர்க் குழாய்களைச் சுற்றியும் இருதயத்திலும் நுரையீரலிலும் நார்போன்ற திசு வளர்ந்து இறுக்குவது தெரியவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தை நிறுத்தி ஓய்வு கொடுக்கும்படி டாக்டர்கள் கூறினார்கள். முடிவில் அம்மருந்தே கடைகளிலிருந்து மறைந்தது. உள்ளே வளர்ந்த அந்த நாரை நோயாளி தாமாக உணர்ந்திருக்க முடியாது. யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். தடுப்பு மருந்தை உண்பவர் டாக்டரின் கண்காணிப்பை விட்டு விலகக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்று வழங்கும் மருந்துகள் அத்துணைக் கொடியவை அல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலாளியிடம் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. என் கட்சி இதுதான்: மேற்கூறிய மருந்துகளின் பயனில் பெரிய வேற்றுமை இல்லை, பக்கவிளைவில்தான் பெரிய வேற்றுமை இருக்கிறது. ஆதலால் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பக்கவிளைவைக் கொண்டே. அதற்கு நோயாளியின் உடம்பைப் போலவே அவர் செய்யும் தொழிலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இதை நான் என் உடம்பிலேயே கற்றேன். இளமையில் எட்டு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில், புளோரூம் என்று சொல்லப்படும் பஞ்சு உதறும் பகுதியில் வேலை செய்தேன். அங்கே சேர்ந்த தூசி என் மார்பில் இன்னும் இருக்கிறது. மார்கழியில் இழுப்பு வரும். தலைவலிக்காக நான் சென்ற டாக்டர் ஒரே காலையில் நூறு பேரைப் பார்ப்பவர். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலைவலிக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணினேன். புரோப்ரனலால் எழுதித் தந்தார். நான்காம் நாள் இரவு மூச்சு அடைத்துத் திண்ணையில் உட்கார்ந்து விடியலைக் கண்டேன். இழுப்பு உள்ளவருக்கு அம்மருந்து ஆகாது என்பது மருத்துவர் அனைவரும் அறிந்த பாடம். பஞ்சுத் தூசியில் வேலை செய்தவர்கள் நம் அங்கத்தினரில் எத்தனை பேர்! அவர்கள் ஒவ்வொருவரும் முதல் வாக்கியமாக இதைச் சொல்ல வேண்டும்.

இழுப்பு இல்லாதவருக்கு அதே புரோப்ரனலால் நல்ல மருந்து, விலையும் குறைவு. எனினும் நாடித்துடிப்பைத் தணிப்பதால் கடும் உழைப்பில் இருதயம் விரைந்து ஓட மறுக்கும். கரும்புக் கட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றுபவர் முன்போல் முடியவில்லை என்பார். விரல் நுனி சில்லிடும். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கமும் படபடப்பும் இதனால் மறைந்து, எச்சரிக்கை இல்லாமலே மயக்கம் வரக்கூடும். இதைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு; படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நம் நாட்டில் மிகுதியாக எழுதப்படும் மற்றொன்று புளூனரிசின். இரவில் உண்பது. தூக்கம் வரும், உடல் பருக்கும். இவற்றைப் பலர் பொறுத்துக்கொள்வர். ஆனால் சிலருக்கு மனம் சோர்ந்து எதிலும் பற்றில்லாமல் போகிறது. வயது முதிர்ந்தவருக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரக்கூடும். எழுதுகோல் பிடிப்பவருக்குக் கை சற்று நடுங்கினால் எழுத்து கோணும், அவ்வளவே. அறுந்த இழையை விரல் நுனியால் முடிந்து நெய்பவருக்குக் கை நடுங்கினால் அன்றைய கூலி இல்லை. அறுபது வயதான நெசவாளர் ஒருவர் 'வயதாகிவிட்டது, கை ஆடுகிறது' என்று தறியை விட்டிறங்குமுன், தாம் உண்ணும் மாத்திரையின் பெயர் என்னவென்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நலம். முன்பே மனச்சோர்வு கண்டவரும் நடுக்குவாதம் உள்ளவரும் இதைத் தவிர்க்க வேண்டும்.

டோபிராமேட் உண்பவருக்கு விரல்களில் ஊசி குத்தினாற்போல் மதமதப்பு உண்டாகும். பசி குறைந்து உடல் மெலியும்; ஏற்கெனவே மெலிந்திருக்கும் நம் பெண்களுக்கு இது நன்மையன்று. பேசும்போது சொல் நாவில் வராது. பாவில் இழை எண்ணுபவருக்குக் கணக்குத் தவறும். நம் உழவரைப் பற்றி எனக்குள்ள கவலை வேறு. இம்மருந்து சிலருக்கு, சிறப்பாகச் சிறுவர்க்கு, வியர்வையைக் குறைக்கிறது. சிறுநீரகத்தில் கல்லும் உண்டாக்கக்கூடும். கத்திரி வெயிலில் மணிலாக் கொல்லையில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுதும் குனிந்திருப்பவருக்கு இவ்விரண்டும் சிறு விஷயமல்ல. திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வால்புரோயேட்டைப் பற்றி மட்டும் நான் கடுமையாகவே எழுதுகிறேன். முடி உதிர்வதும் கை நடுங்குவதும் உடல் பருப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். கருவுற்றிருக்கும்போது இதை உண்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் உடற்குறையோடு பிறக்கின்றனர். நூற்றுக்கு முப்பது நாற்பது பேருக்கு அறிவு வளர்ச்சியில் பின்னடைவு காணப்படுகிறது. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்குத் தலைவலிக்காக இதைக் கொடுப்பது எவ்வகையிலும் தகாது. டோபிராமேட்டும் கருவுக்கு ஆகாதது. கலியாணம் நிச்சயமான பெண்ணை டாக்டரிடம் அழைத்துச் செல்லும் தாய், கூச்சத்தால் அதைச் சொல்லாமல் இருந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லின் விலை மிகப் பெரிது. ஏற்கெனவே இவற்றை உண்பவர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடவும் வேண்டா. உடனே டாக்டரைக் காண வேண்டும். வலிப்புக்காக உண்பவருக்கு இது இன்னும் பெரிதும் பொருந்தும்.

மூச்சு அடைத்த அந்த இரவுக்குப் பின் எனக்குக் கிடைத்தது அமிட்ரிப்டிலின். வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, காலையில் தலை கனத்தது. ஆனால் இம்முறை வேறொரு டாக்டர் இவையெல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். மிகச் சிறிய அளவில் தொடங்கினார். படுக்கப் போகும்போது உண்ணாமல் இரவு எட்டு மணிக்கே உண்டால் காலைக் கனம் குறையும் என்றார். அவ்வாறே குறைந்தது. விடியுமுன் மடை திருப்பச் செல்பவரும் வண்டி ஓட்டுபவரும் முதல் சில வாரங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிறுநீர் தடைப்படும் முதியவரும், கண்ணழுத்த நோய் உள்ளவரும், இருதய நோய் உள்ளவரும் அதை முன்னரே சொல்ல வேண்டும்.

திண்ணையில் அந்த அம்மையார் கூறிய தூக்கம் எம்மருந்தினால் வந்ததென்று எனக்குத் தெரியாது. எதுவாயினும், பத்து நாளில் நிறுத்தியதே அவர் செய்த பிழை. அதையும் அவர் பிழை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தடுப்பு மருந்தின் பயன் தெரிய எட்டு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும் என்றும், பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வரும் என்றும், அதில் பெரும்பகுதி பின்பு தணியும் என்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. தொல்லை முன்னே வருகிறது, பயன் பின்னே வருகிறது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் மருந்தைக் கைவிட்டுப் பெட்டிக்கடைக்குத் திரும்புகின்றனர்.

பக்கவிளைவுகளை எல்லாம் சொன்னால் நோயாளி மருந்தைத் தொடவே மாட்டார் என்று கருதும் டாக்டர்கள் உண்டு. அவர்கள் கருத்தில் சிறிது உண்மை இருக்கலாம். நம்மவரிடம் அச்சம் மிகுதி. அதைவிட வதந்தி மிகுதி. ஆயினும் சொல்லாமல் கொடுத்த மருந்து என்ன ஆயிற்று? அலமாரியில் கிடக்கிறது. அச்சத்தினால் மருந்தை வாங்காதவரிடம் பேசி மனத்தை மாற்றலாம். ஏமாற்றத்தினால் நிறுத்தியவர் திரும்பி வருவதில்லை. பயன் என்பது நோய் முற்றும் ஒழிவதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலிக்கும் நாட்கள் பாதியாகக் குறைந்தால் மருந்து வெற்றி பெற்றதாகவே டாக்டர்கள் கொள்கின்றனர். எனக்கு மாதத்தில் பன்னிரண்டு நாளாக இருந்தது நான்கு நாளாயிற்று. நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ சென்றபின் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம்.

2018 முதல் மேல்நாடுகளில், இந்நோய்க்கென்றே செய்யப்பட்ட ஊசி மருந்துகள் வந்துள்ளன. மாதம் ஒருமுறை போட்டுக்கொள்வது. அவற்றின் விலை நம் தறிக்கூலிக்கு எட்டாதாகையால் இங்கு விரித்துரைக்கவில்லை.

நமக்கு வசதிகள் இல்லாமலில்லை. 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி 1964-இல் ஜவாஹர்லால் பெயரைத் தாங்கிய ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் இருக்கிறது. அதன் கிராம நல நிலையம் இராமநாதபுரத்தில் உள்ளது. திருவாண்டார்கோயிலிலிருந்து விழுப்புரம் சாலையில் சென்றால் மதகடிப்பட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புரோப்ரனலாலும் அமிட்ரிப்டிலினும் மத்திய அரசாங்கத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம் பெற்றவை. மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வகையைச் சேர்ந்தவை. குறைவாக இருப்பது டாக்டருக்கும் நமக்கும் பேச நேரம் ஒன்றே. அந்த நேரத்தைச் சங்கம் ஓரளவு மிச்சப்படுத்தித் தரலாம் என்பது என் யோசனை.

அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் நூல் கணக்குக்காகச் சங்கம் அச்சிட்டுத் தரும் சிட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் மாதத்தின் முப்பத்தொரு நாளுக்கும் கட்டம் அடிக்கலாம். வலித்த நாளில் ஒரு கோடு. வலி மாத்திரை உண்ட நாளில் ஒரு வட்டம். பெண்களுக்கு மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. எழுத்தறியாதவரும் இதைச் செய்யலாம். அடியில் ஐந்து வரி: செய்யும் தொழில் என்ன, பஞ்சுத் தூசியில் வேலை செய்ததுண்டா, இழுப்பு உண்டா, கலியாணமோ கருவோ எதிர்நோக்கப்படுகிறதா, வேறு என்ன மருந்து உண்ணப்படுகிறது. நூறு பேரைப் பார்க்கும் டாக்டரும் இதை அரை நிமிஷத்தில் படித்துவிடுவார். வட்டங்கள் பத்தைத் தாண்டியிருந்தால் அவர் சொல்லாமலே நமக்கும் விளங்கும். திடீரென்று இடிபோல் வந்த தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் மரத்துப் பேச்சுக் குழறும் தலைவலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி ஆகியவற்றுக்குக் கோடு போட்டுக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் ஓரத்தில் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.

அச்சுச் செலவு அதிகமாகாது. சிட்டை எப்படியும் அச்சாகிறது. நிர்வாகக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி காரியதரிசிக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை பொறுக்காமல், சென்ற வாரமே ஒரு பழைய சிட்டையின் பின்னால் கையாலேயே கட்டம் அடித்து அந்த அம்மையாரிடம் கொடுத்தேன். "இதில் கோடு போடுவதற்கும் கூலி உண்டா, அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.